தொண்ணூறு நாளில் மக்கும் ஷூ

மரியதாஸ் ஊரைத் திருத்தக் கிளம்பியவன் இல்லை. பூமியை மட்டும்தான். அடையாறில் ஒரு ஷூ கம்பெனியில் வடிவமைப்பாளன். 'சஸ்டெய்னபிலிட்டி' என்ற வார்த்தை அந்தக் கம்பெனிக்குள் நுழைந்த நாளிலிருந்து அவனுடைய சாந்தோம் வீட்டில் சாம்பார்கூட அதைக் கேட்காமல் கொதித்ததில்லை.

பேசிப் பேசியே ஒரு ஷூவும் செய்துவிட்டான். மேலே செடிநார், அடியில் ரப்பர்பால், கிளிப்பச்சை நூலில் தையல். மண்ணில் புதைத்தால் தொண்ணூறே நாளில் மக்கிவிடும் என்று மேனேஜர் ஜெயராமிடம் அடித்துச் சொல்லிவிட்டான். மக்கினால் டிசைன் ஹெட் பதவி. மக்காவிட்டால் பழையபடி செருப்புக்கு வார் வரைய வேண்டியதுதான். பதினோரு வருஷமாக அதைத்தான் வரைந்துகொண்டிருந்தான், பாவம்.

சோதனைக்காக, மொட்டைமாடியில் மனைவி ஈவ்லின் தக்காளி போட வைத்திருந்த டிரம்மைப் பிடுங்கிக்கொண்டான். புத்தம்புது ஜோடியை அவன் குழிக்குள் இறக்கியபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க, ஒருத்தர் கால்ல ஒரு நாள்கூட ஏறல. அதுக்குள்ள அடக்கமா?"

"உனக்குப் புரியாது. ஒரு பொருள்னா சுவடே இல்லாம மண்ணுக்குத் திரும்பணும். அதான் சஸ்டெய்னபிலிட்டி."

"முதல்ல உழைக்க வேணாமா?"

மரியதாஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொண்ணூறு நாளைக்கு டிரம்மை யாரும் தோண்டக் கூடாது என்று உத்தரவு போட்டான். மேலே தக்காளி நட்டுக்கொள்ள மட்டும் பெரிய மனசு பண்ணி அனுமதித்தான்.

செடி தளதளவென்று வளர்ந்தது. எல்லாம் ஷூவின் சத்து என்று வாராவாரம் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினான். "அந்த ஷூ விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று ஈவ்லின் இரண்டு தடவை வாயெடுத்தாள். விஞ்ஞானத்தில் தலையிடாதே என்று இரண்டு தடவையும் அடக்கிவிட்டான். எக்கேடோ கெடட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

தொண்ணூறாம் நாள் சனிக்கிழமை. ஜெயராமே நேரில் வந்தார். மரியதாஸ் டிரம்மைக் கவிழ்த்தான். மண் கொட்டியது, மண்புழு நெளிந்தது. ஷூ இல்லை. ஒரு நூல்கூட இல்லை. மரியதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயராம் அவனைக் கட்டிக்கொண்டார். உலகத்தில் எவனும் செய்யாததைச் செய்துவிட்டாய் என்றார்.

காப்பி குடிக்க இருவரும் மூன்றாம் மாடி வீட்டுக்கு இறங்கினார்கள். வாசலில் தண்ணீர் கேன் போடும் குலாம் முகம்மது, தோளில் கேனோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் காலில் கிளிப்பச்சைத் தையல்.

"இது எங்க கிடைச்சது?" மரியதாஸ் குனிந்து பார்த்தான்.

"அம்மா குட்தாங்க சார். மூணு மாசமா இத்தப் போட்டுக்கினுதான் கேன் தூக்கறேன். மழை, சேறு, தெனம் நாப்பது மாடி. ஒரு தையல் பிரியல. இன்னா சார், திருப்பி வோணுமா?"

புதைத்த மறுநாளே ஈவ்லின் தோண்டியெடுத்து, கழுவிக் காயவைத்துக் கொடுத்திருக்கிறாள். டிசைன் ஹெட் பதவி மாடிப்படியில் உருண்டு இறங்குவது மரியதாஸுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஜெயராம் தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு ஷூவைக் கழற்றச் சொல்லி வளைத்துப் பார்த்தார், அடிப்பாகத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"ஏன்யா, இப்படி உழைக்கிற பொருளைச் செஞ்சுட்டு அதையா புதைச்சு வெச்சே?"

"தேஞ்சப்புறம் புதைச்சுக்கலாம் சார்" என்றாள் ஈவ்லின், காப்பியை நீட்டியபடி. "அப்பவும் மக்குதான்னு பாத்துக்கலாம்."

பதவி மரியதாஸுக்கே என்று சொன்னார் ஜெயராம். திங்கட்கிழமை கூட்டத்தில் சஸ்டெய்னபிலிட்டி என்றால் என்ன என்று மேடம் வந்து பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மரியதாஸ் கேனைத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனான். அங்கே ஏற்கெனவே இரண்டு கேன்கள் நிரம்பி நின்றன.

"ஈவ்லின், தண்ணிதான் இவ்வளவு இருக்கே. அப்புறம் எதுக்கு இன்னிக்கு குலாமை வரச் சொன்னே?"

"தண்ணிக்கா சொன்னேன்?" என்றாள் ஈவ்லின்.