பால்மாப் பேணியோடு ஒரு பசுவின் பின்னால்

“பசுச்சாணத்தில் பிள்ளையார் பிடியாமல் பால் காய்ச்ச வேண்டாம். முதல் நாளே சாணம் எடுத்து வைக்கவும்.”

1974 ஆகஸ்டில் என் மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நீல விமானக் கடிதத்தின் கடைசி வரிகள் இவை. கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிடைத்த தேதியை ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். (எதற்கும் தேதி போடுகிறவன் நான். அந்த நாளில் அதைத்தான் அறிவு என்று நினைத்திருந்தேன்.)

மெல்பேர்னில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டுக்குச் செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, பால் காய்ச்சிக் குடிபூரல். மனைவி பவானி கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள்: “சாணம் வராட்டில் நான் அந்த வாசல்படி மிதிக்கமாட்டன். பிறகு உங்கட பாடு.”

மெல்பேர்னில் பாலைப் போத்தலில்தான் கண்டிருந்தோம், பசுவைக் கண்டதில்லை. நூலகத்தில் தேடினேன். வடமேற்கே, தங்கம் தோண்டிய ஒரு பழைய ஊருக்கு வெளியே மேய்ச்சல் தரை ஒன்று இருந்தது. ஊரார் தலைமுறை தலைமுறையாக காவலுக்கு ஒருவரை வைத்து மாடுகளை அங்கே அவிழ்த்து விடுகிறார்களாம். சனிக்கிழமை காலை கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து (வெளியே போவதென்றால் அப்போது அப்படித்தான்), பால்மா வந்த வெறும் தகரப் பேணி ஒன்றோடு பவானியைக் காரில் ஏற்றினேன்.

அந்த இடம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. மாடுகள் கடித்துக் கடித்து முழங்காலளவில் நிறுத்தி வைத்த பற்றைகள். அவற்றில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப் பூக்கள். அதற்கப்பால் யூகலிப்டஸ் மரங்கள், ஒன்றுக்கொன்று இடம் விட்டு, பேசி வைத்துக்கொண்டதுபோல் நின்றன. எங்கோ ஒரு கழுத்துமணி. பார்த்த இடமெல்லாம் சாணம்.

ஒரு பிடி அள்ளித் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் சாணத்தை நிலத்தில் விழுமுன் ஏந்த வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

“அது திருநீறு சுடுறதுக்கெல்லோ! நாங்கள் பிள்ளையார் பிடிக்கத்தானே போறம். கிடக்கிறதில அள்ளிப்போட்டு வாங்கோ” என்றாள் பவானி.

“செய்யிறதைத் திருத்தமாய்ச் செய்யவேணும்” என்றேன்.

ஒரு செம்பசுவைத் தேர்ந்தெடுத்தேன். அது வாலைத் தூக்கும். பேணியை நீட்டிக்கொண்டு ஓடுவேன். அது திரும்பி என்னைப் பார்க்கும், வால் இறங்கிவிடும். எனக்கே அப்படி ஒருவன் பின்னால் நின்றால் வராது. இப்படி இரண்டு மணி நேரம். ஒரு சப்பாத்து சேற்றில் போயிற்று, காற்சட்டை முள்ளில் கிழிந்தது. கடைசியில் காரும் தெரியவில்லை, பவானியும் தெரியவில்லை.

அப்போது மரங்களுக்கிடையிலிருந்து குதிரையில் ஒரு கிழவர் வந்தார். ஊர் மாடுகளுக்குக் காவல் அவர்தான்.

“நானும் கனநேரமாய்ப் பாக்கிறன். அந்த மாட்டில உனக்கு என்ன கோவம்?” (அவர் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் எப்படியோ எங்கள் தமிழாகத்தான் வருகிறது.)

பேணியைக் காட்டிச் சாணம் வேண்டும் என்றேன்.

“ரோசாவுக்கோ?”

கடவுளுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “ஓம், ரோசாவுக்கு” என்றேன். அந்த ஒரு பொய்தான்.

“அப்ப இது சரிவராது. கொண்டா பேணியை” என்று வாங்கிக்கொண்டு, குதிரையோடு மரங்களுக்குப் பின்னால் போனார். சிறிது நேரத்தில் நிறைந்த பேணியை மூடி இறுக்கித் தந்து, கார்வரை வழியும் காட்டினார்.

பவானி என்னைத் தலையிலிருந்து சப்பாத்தில்லாத கால்வரை பார்த்தாள். “ஏந்தினீங்களோ?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். அது இரண்டாவது பொய்.

மறுநாள் காலை, வந்தவர்கள் வாசலுக்கு வெளியே கைகூப்பி நிற்க, பவானி பிள்ளையார் பிடித்தாள். உதிர்ந்தார். மறுபடி பிடித்தாள். மறுபடியும் உதிர்ந்தார்.

“இஞ்சாருங்கோ, இவர் இருக்கமாட்டன் எண்டுறார்!”

நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. கோதுமை மாவைக் கலந்து, தட்டித் தட்டி, ஒருவாறு இருத்தினாள். அறுகம்புல்லைச் செருகினோம். அங்கேயே பால் பொங்கியது. அவள் வாசல்படி மிதித்தாள்.

நான்கு வருடங்களுக்குப் பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் ரோஜாவுக்கு எரு போட்டுக்கொண்டு நின்றார். எது நல்லது என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“குதிரைச் சாணத்தை அடிக்க ஒண்டுமில்லை.”

அதை வீட்டில் வந்து சொன்னதும் பொய்கள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. பவானி குசினிக் கதிரையில் இருந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். எங்கள் மகள் பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் முதலாவதாக வந்தபோது, “பின்னை? குதிரைப் பிள்ளையார் காவல் இருக்கிற வீடெல்லோ!” என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வேகமாக நடந்தால் அதே பேச்சுத்தான்.

அந்தச் சனிக்கிழமை நாட்குறிப்பில் ‘சாணம்: பசு’ என்று எழுதியிருக்கிறேன். பிற்பாடு வேறு நிற மையில் ஒரு கேள்விக்குறி சேர்த்தேன். கிழவர் மரங்களுக்குப் பின்னால் எதன் கீழே குனிந்தார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.