பானெட்டில் காய்ந்த மோர்மிளகாய்

மும்பையில் மாநகராட்சி போட்ட உத்தரவை மனதாரக் கடைப்பிடித்த ஒரே மனிதர் எங்கள் செம்பூர் மோர்மிளகாய் அண்ணாச்சிதான். அதற்காக மாநகராட்சி அவரை மன்னிக்கவே இல்லை.

அவருடைய மளிகைக் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. பள்ளி விடும் நேரத்தில் கார்கள் வரிசையாக நின்று, எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே ஏசியில் பெற்றோர். வெளியே புகையில் அவர்கள் பெற்ற பிள்ளைகள். இதைத் தடுக்க வார்டு ஆபீஸ் 'நிற்கும் வண்டியின் எஞ்சினை அணைக்கவும்' என்று ஒரு பலகை நட்டது, துண்டுச்சீட்டு கொடுத்தது. துண்டுச்சீட்டை வாங்குவதற்குக் கண்ணாடியை இறக்கினார்களே தவிர, ஒருவரும் எஞ்சினை அணைக்கவில்லை.

அண்ணாச்சியின் கடை முன்னால் தகர ஷெட் இருந்ததால் வெயில் விழாது. மோரில் ஊறிய மிளகாயை எங்கே காயவைப்பது? ஒருநாள் தட்டோடு வந்து, உறுமிக்கொண்டிருந்த காரின் பானெட்டில் துணி விரித்து மிளகாயைப் பரப்பினார்.

உள்ளே இருந்த பெண்மணி பதறினார். "அண்ணாச்சி, என்ன இது? பெயின்ட் போயிடும்."

"நல்ல சூடு தாயீ. வண்டிய அணைச்சா அள்ளிருதேன். ஆறுன அடுப்புல எனக்கு என்ன சோலி?"

எஞ்சின் அணைந்தது. தட்டு அடுத்த காருக்கு நகர்ந்தது. வார்டு ஆபீஸால் முடியாததைப் புளித்த மோர் வாடை முடித்துவைத்தது.

பிறகு, உறுதிமொழி எடுக்கும் விழா என்று ஒன்று நடத்தினார்கள். அதிகாரி பலகையின் கீழே நின்று, காற்றைக் காப்போம் என்று முழங்கினார். அவர் திரும்பி வரும்போது குளிர்ச்சியாக இருக்க வேண்டுமே. பின்னால் அவருடைய காரும் முழங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தட்டை எடுத்தார்.

அவர் மனைவி கையைப் பிடித்தார். "வேண்டாம் பாத்துக்கிடுங்க. ஷெட்டப் பிரிச்சிட்டாம்னா நாள் முச்சூடும் வெயில்ல வெந்துதான் யாவாரம் பாக்கணும்."

"அதுக்கு?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அதிகாரி பேச்சை முடித்துத் திரும்பியபோது அவர் காரின் பானெட்டில் மிளகாய் பரந்திருந்தது. "யே க்யா ஹை?" என்ன இது என்று இந்தியில் கத்தினார்.

"இஞ்சின் சாலூ, மிர்ச்சி சூக்தா," என்றார் அண்ணாச்சி. வண்டி ஓடுகிறது, மிளகாய் காய்கிறது. அவருடைய இந்தி அவ்வளவுதான். அன்றைக்கு அதுவே அதிகம். கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. ஷெட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலையில் ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். நடைபாதை ஆக்கிரமிப்பாம். அந்தத் தெருவில் ஷெட் இல்லாத கடை ஒன்றுகூடக் கிடையாது. ஆக்கிரமிப்பு இவருடையது மட்டும். தகரத்தைப் பிரித்து முடிக்கும்வரை ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. நான் ஆபீசுக்குக் கிளம்பியவன் நின்றுவிட்டேன். தலைக்கு மேல் தகரம் போய்க்கொண்டிருக்க, அண்ணாச்சி ஜீப்பின் பானெட்டில் துணியை விரித்து மிளகாயை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"உமக்குப் புத்தியே வராதா?" என்று கேட்டேன்.

"ஜீப்பு நல்லா காயுது சார்," என்றார்.

பிடிவாதம் பிடித்து நஷ்டப்படுகிற ஆட்களிடம் எனக்கு மரியாதை கிடையாது. கடை வாசலில் இப்போது வெயில் கொட்டுகிறது. எனக்கு வாங்க ஒன்றும் இல்லாத நாளிலும் போகிறேன். குடையை விரித்து, அவர் பொட்டலம் கட்டி முடிக்கும்வரை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி நிற்கிறேன்.