அப்டேட் அண்ணாவும் எங்கள் வீட்டு ஓட்டையும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் எத்தனை பேர் குடியிருந்தாலும், அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரை நினைத்துச் சோறு இறங்காமல் தவித்த ஒரே மனிதர் எங்கள் அப்டேட் அண்ணாதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. வாரம் முழுவதும் நட்டையும் போல்ட்டையும் சந்தேகக் கண்ணோடு பார்த்துவிட்டு, லீவு நாளில் அதே கண்ணோடு எங்கள் வீடுகளுக்கு வருவார். கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு பென் டிரைவ் தொங்கும். எதிரில் யாரைப் பார்த்தாலும் ஊர் உலகம் “சாப்டாச்சா?” என்று கேட்கும். அவர் “அப்டேட் பண்ணியாச்சா?” என்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் அப்படித்தான் கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால், உலகத்தில் ஓடுகிற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றின் பிராசஸரிலேயே ஓட்டை இருக்கிறது என்று செய்தி வந்ததே, அன்றைக்குப் பிடித்தது அவருக்கு. வைரஸ் என்றால் வெளியிலிருந்து வருவது. இது பிறவிக் கோளாறு. அன்று முதல் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் கம்ப்யூட்டரைத் தேடும். ஒரு கிரகப்பிரவேசத்தில் ஐயர் ஹோமம் வளர்த்துக்கொண்டிருக்க, அண்ணா உள்ளறையில் உட்கார்ந்து அந்த வீட்டு சிஸ்டத்துக்குப் பரிசோதனை ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரிடம் வாழ்த்துச் சொல்வதற்குப் பதிலாக, “ரெண்டு ஓட்டை இருக்கு சார், கவலைப்படாதீங்க” என்றார். புதுவீடு கட்டியவரிடம் சொல்லக் கூடிய வார்த்தையா அது? அந்த மனிதர் மொட்டை மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தார்.

ஓட்டையை அடைத்தால் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகும். இதனால் அவர் சம்பாதித்த விரோதம் அதிகம். அசோசியேஷன் செகரட்டரியின் மனைவி அவரை நடுத்தெருவில் நிறுத்தி, முன்பெல்லாம் காபி கலப்பதற்குள் ஆன் ஆன சிஸ்டம் இப்போது டிபன் முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று முறையிட்டார். அண்ணா அசரவில்லை. “பூட்டு போட்ட வூட்டை தொறக்க கொஞ்சம் லேட் ஆகும் மேடம். தொறந்தே கெடந்தா உடனே நுழையலாம். நீங்களும் நுழையலாம், எவன் வேணா நுழையலாம்.”

பயாஸ் அப்டேட் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரின் அடிமடியில் இருக்கிற எழுத்தையே மாற்றி எழுதுவது. அது நடக்கும்போது கரண்ட் போனால் மெஷின் அப்படியே உயிரை விட்டுவிடும். அதனால் அந்த நேரத்தில் அண்ணாவின் ஆட்சி கிரகண நேர ஆட்சி. மிக்ஸி கூடாது, மோட்டார் கூடாது, யாரும் ஒயர் பக்கம் போகக் கூடாது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண் பார்க்கும் சடங்கன்று இதைத் தொடங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஃபேன் இல்லாமல் வியர்த்து வழிய, ஐ.டி. கம்பெனி மாப்பிள்ளை மட்டும் எழுந்து போய் அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணை அவர் சரியாகப் பார்த்தாரா என்று இன்றுவரை சந்தேகம். கல்யாணம் நடந்தது, நன்றாக இருக்கிறார்கள்.

அந்த ஓட்டை என்னதான் என்று ஒரு நாள் கேட்டேன். மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“டெய்லி ஒரு ஓட்டலுக்குப் போறீங்க. நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ள சர்வர் மசால் தோசைன்னு உள்ள குரல் குடுத்துடறாரு. இன்னிக்குப் பாத்து நீங்க பொங்கல் கேக்கறீங்க. தோசை கேன்சல். ஆனா கல்லுல தோசை ஊத்துன தடம் இருக்குல்ல? அதைப் பாத்தே ஒருத்தன் உங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம். பிராசஸரும் அப்படித்தான். அடுத்து இன்னா நடக்கும்னு முன்கூட்டியே ஊகிச்சு வேலையை ஆரம்பிச்சிடுது.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “உங்களை மாதிரிதான்க்கா” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். என் மகள் யாழினி காட்டாங்குளத்தூரில் படிக்கிறாள். அவள் வருவதற்குச் சற்றுத் தாமதமானால் போதும், என் மனம் தண்டவாளம், லாரி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் நடத்தி முடித்துவிடும். அவள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். நடக்காதது எல்லாம் ரத்தாகும். தடம் மட்டும் ரத்தாவதில்லை.

ஒரு மழை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணா மதியமே வந்து எங்கள் சிஸ்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். வானம் மூடியிருந்தாலும் மழை இல்லை. ‘கிளம்பிட்டேன்மா’ என்று யாழினியின் மெசேஜ் வந்திருந்தது. சாயங்காலம் அவள் வழக்கமாக வரும் நேரம் தாண்டியும் வரவில்லை. நான் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். அண்ணா பயாஸ் அப்டேட்டைத் தொடங்கினார். திரையில் வெள்ளைக் கோடு எறும்பு மாதிரி நகர ஆரம்பித்ததும் மழை கொட்டியது. ஒரு மின்னல். கரண்ட் போயிற்று.

யு.பி.எஸ். பீப் என்றது. எங்கள் வீட்டு யு.பி.எஸ். வயதானது. கம்ப்யூட்டர், திரை, இன்டர்நெட் மோடம் மூன்றும் அதன் தயவில்தான். என் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை, வைஃபை மட்டும் இருந்தது. யாழினியிடமிருந்து ஏதாவது வந்தால் அந்த மோடம் வழியாகத்தான் வர வேண்டும்.

அண்ணா முதலில் திரையை அணைத்தார். கோடு எங்கே போகிறது என்று தெரியாததால் கேபினட்டில் காதை வைத்து, வயிற்றுப் பிள்ளையைக் கேட்பது போல உள்ளே சுற்றும் ஃபேன் ஓசையைக் கேட்டார். அறை நீலமாக இருட்டியது. மழை ஓசையில் வீடே எங்கோ மிதந்து போவது போல இருந்தது. பீப் வேகமெடுத்தது. என் மனம் அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. போனைப் பிடித்திருந்த என் கையை அவர் பார்த்தார். மோடத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினார்.

ஃபேன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பீப் நிதானமானது.

“அண்ணா, நடுவுல நிறுத்தவே கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க” என்றேன்.

“தெரியும்க்கா. நீங்க போனைப் பாருங்க.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். மோடத்தின் பச்சை விளக்குகள் மட்டும் இருட்டில் மினுக்கின. மின்மினி பிடித்து டப்பாவில் போட்டது மாதிரி. அந்தப் பச்சையில் அண்ணாவின் முகம் பாதி தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது, கனவில் நேரம் தெரியாதது போல.

போன் அதிர்ந்தது. ‘கூடுவாஞ்சேரில டிரெயின் நின்னுடுச்சு. திவ்யா வீட்ல இருக்கேன். பயப்படாதம்மா.’

படித்து முடித்து அழுதுகொண்டே அவளுக்குப் பதில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் யு.பி.எஸ். நீளமாக ஒரு முறை கத்திவிட்டு ஓய்ந்தது. பச்சையும் அணைந்தது. இருட்டில் அண்ணா கேபினட்டைத் தடவிக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

“செத்துடுச்சா அண்ணா?”

“மயக்கந்தான். எழுப்பிடலாம்.”

மறுநாள் ஸ்கூட்டரின் முன்பக்கம் அதை நிறுத்தி, தலையில் பிளாஸ்டிக் கவர் மாட்டி, காய்ச்சல்காரப் பிள்ளையை அழைத்துப் போவது போல, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கொண்டு போனார். போர்டிலிருந்த சின்ன சிப் ஒன்றைக் கழற்றி, அதில் புதிதாக எழுதி, உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார். முன்னைவிட இன்னும் மெதுவாக ஓடுகிறது.

யாழினி இப்போது லேப்டாப்தான் வைத்திருக்கிறாள். “இந்த டப்பாவைத் தூக்கிப் போடேம்மா” என்கிறாள். நான் போடவில்லை. லீவு நாளில் அண்ணா வருவார், மோர் குடிப்பார், சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குக்கா, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்பார். எல்லா ஓட்டையும் அடைபட்டுவிட்டது என்று என்றைக்காவது சொல்லிவிடப் போகிறாரே என்று, அந்த நாளையும் முன்கூட்டியே நினைத்து இப்போதே பயந்துகொண்டிருக்கிறேன்.