மிளகு பாதுகை பூண்ட படலம்

வாழ்க மிளகு! பால்பல் நிரையைப் படைக்கலமாய்க் கொண்டவளும், இருசடை துள்ளும் எழிற்சிரத்தினளும், பெற்றோர் இட்ட பெயர் மறையத் தன் காரத்தாலேயே இப்பெயர் ஈட்டியவளுமான மூன்று வயது மாவீரி வாழ்க!

அவள் களம் கண்ட அவையில் வீற்றிருந்தோரை முதற்கண் முறைப்படி உரைப்போம். குழந்தைகள் காப்பகத்தின் வாசற்கூடத்தில், பாயின் நடுவே மிளகு. வலப்புறம், அழைத்துப்போக வந்த அன்னை, பஸ் போய்விடுமே என்ற பதைப்போடு பெஞ்சு நுனியில். இடப்புறம், தரையில், இளம் டீச்சர். சுவரோரம் ஆயா. எதிரே, மழலையர் நாற்காலி முனகும்படி அமர்ந்த மேற்பார்வை அம்மையார்; அவர் மடியில் தலைமை அலுவலகத்துக்கான கடிதமும், ஒட்டாத உறையும், பசைக்குப்பியும்.

போரின் காரணம் யாதெனில், குழந்தைக்குக் கைவரும் வேலையில் பெரியவர் கை வைக்கலாகாது என்று டீச்சர் கொணர்ந்த புதுமுறை. ஊட்டியும் துடைத்தும் மாட்டியும் மின்னலெனச் சுழன்ற ஆயாவின் கரங்கள், அன்றுமுதல் அரசிழந்த வேந்தர்போல் அலைந்தன. அம்மையார் முழங்கினார்: “இன்னிக்கு இவ தானா ஷூ போட்டுக்கிட்டா, இந்த முறையே தொடரட்டும்னு எழுதறேன். இல்லைன்னா பழையபடி நாமளே மாட்டி விட்டுடலாம். என்ன டீச்சர்?”

“சரிங்கம்மா” என்றாள் டீச்சர்.

எடுத்தாள் மிளகு பாதுகையை! கோட்டைவாயில் எனத் திறந்த அதனுள் விரற்படை திரண்டு புக, குதிகால் என்னும் மதயானையோ பின்மதிலில் முட்டி, வழுக்கி, மீண்டும் முட்டி, மடங்கிய விளிம்பில் சிக்கி நின்றது. நெற்றி வியர்த்தது, நாக்கு நுனி உதட்டோரம் வந்து எட்டிப் பார்த்தது.

“லேசா இழுத்து விட்டாப் போதும்டி கண்ணு” என்று பாய்ந்தன ஆயாவின் கரங்கள்.

“ஆயாம்மா, கை!” என்று தடுத்தாள் டீச்சர்.

ஆயா இரு கைகளையும் தொடைக்கடியில் திணித்து, அவற்றின்மேல் அமர்ந்தாள். அந்நேரம் பார்த்து அன்னை குனிய, சன்னல் அதிர, உள்ளறையில் துயின்ற சிசுக்கள் புரண்டு படுக்க, எழுந்தது போர்முழக்கம்:

“நானே!”

அன்னையும் தன் கைகளின்மேல் அமர்ந்தாள்.

அப்போதன்றோ வெளிப்பட்டது எவரும் கற்பியாத போர்த்தந்திரம்! மிளகு எழுந்தாள், சுவரைப் பற்றினாள், ஓங்கி மிதித்தாள். தொம்மென்ற ஓசையோடு யானை கோட்டை புகுந்தது. மற்றொரு தொம், மற்றொரு கோட்டையும் வீழ்ந்தது. வென்ற நாயகி பாயைச் சுற்றி வலம் வந்தாள், வலக்காலில் இடதும் இடக்காலில் வலதுமாக.

அவை திகைத்தது.

“மாத்தியில்ல போட்டிருக்கா?” என்றார் அம்மையார்.

டீச்சர் வாய்திறக்குமுன் ஆயா சீறினாள்: “போட்டாளா இல்லையா, அதைச் சொல்லுங்கம்மா! நடக்குறா பாருங்க, மகராசியாட்டம்!”

அம்மையார் அந்நடையை நோக்கினார். பின் நகைத்து, ‘தொடரட்டும்’ என வரைந்து, கடிதத்தை மடித்து உறையிலிட்டுப் பசைக்குப்பியைத் திறந்தார்.

“நானே!”

மாண்புமிகு அம்மையார் உறையையும் பசையையும் வீரத்திருமகளின் திருக்கரத்தில் ஒப்படைத்து, அக்குட்டி நாற்காலியில் இடம் போதாமையால் ஒரு கையின்மேல் மட்டும் அமர்ந்தருளினார்.

கவர் கோணலாத்தான் ஒட்டியிருந்தது, அப்படியே தபால்ல போட்டுட்டாங்க.