நிழல் போட்ட கையெழுத்து

தெரிந்த ஒரே வித்தையை ஊருக்கே சொல்லிக்கொடுத்து, ஊரையே கெடுத்தவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். காரிமங்கலத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். என் எழுத்தைப் பார்க்கத்தான் சந்தைக்கே கூட்டம் வருகிறது என்று மனதார நம்பினேன் (கூட்டம் வந்தது கத்தரிக்காய்க்கு). பெண் கேட்டுப் போன வீட்டில் அந்த நம்பிக்கை எடுபடவில்லை. "பெயிண்டு டப்பாவ நம்பிப் பொண்ணத் தர முடியாதுங்க. உத்தியோகத்தோட வாங்க" என்று ஸ்டெல்லாவின் அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

எனக்கோ ஸ்டெல்லாவை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. பக்கத்துக் கிராமத்தில் முதியோர் கல்வி வாத்தியாராகச் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் காட்டினால்தான் வேலை நிலைக்கும்.

பன்னிரண்டு பெண்கள். கடலைக்காட்டு வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவார்கள். எழுத்து என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். முதலில் வெளிக்கோடு, அப்புறம் உள்ளே நிரப்பு, கடைசியில் வலப்பக்கம் நிழல். அதையே சொல்லிக்கொடுத்தேன். அழகழகாக எழுதினார்கள். ஒரு பெயருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை (ஆர்ட்டிஸ்ட் கடிகாரம் பார்ப்பானா?).

மூன்றாம் மாதம் அதிகாரி வந்தார். நாலரை பஸ்ஸைப் பிடித்துத் தருமபுரி திரும்ப வேண்டும் என்று வரும்போதே சொல்லிவிட்டார். ரிஜிஸ்டரை நீட்டினார். முதல் ஆள் மாதம்மாள். 'மா'வுக்கு வெளிக்கோடு போட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். நிதானமாக நிரப்ப ஆரம்பித்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"இருங்க சார், இன்னும் நெழலு போடல."

"கையெழுத்துக்கு எதுக்கும்மா நெழலு?"

"நெழலு இல்லாட்டி எழுத்து எந்திரிச்சு நிக்காதுன்னு வாத்தியாரு சொன்னாருங்களே!"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மூன்றாவது பெண் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஸ்டெல்லாவும் அதிலேயே ஏறிப் போய்விட்டதாக எனக்குத் தோன்றியது.

அடுத்த பஸ் வரும்வரை அவருக்கும் வேறு வேலையில்லை. உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பன்னிரண்டு பேரும் முடித்ததும் ரிஜிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதினார்: "எழுத்து வந்துவிட்டது. வேகம் வரவில்லை." வேலை பிழைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. (மறுநாளே நிழலுக்குத் தடை போட்டேன். மாதம்மாள் கேட்கவில்லை.)

அடுத்த தை மாதம் மாதா கோயிலில் கல்யாணம். பூசை முடிந்து கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சந்தோஷத்தில் என் கை தன் பாட்டுக்கு வெளிக்கோடு போட்டு நிரப்பத் தொடங்கிவிட்டது. பங்குச் சாமியார் இரண்டு முறை இருமினார். அப்போதுதான் ஸ்டெல்லா, என் மனைவியாக முதன்முதலில் வாய் திறந்தாள்.

"நெழல நாளைக்குப் போட்டுக்கலாமுங்க. பந்தியில எல்லாரும் பசியோட இருக்காங்க."

இன்றைக்கும் என்னைத் தேடி யாராவது வந்து, நான் சட்டை மாட்டக் கொஞ்சம் தாமதித்தால் போதும். பேத்தி வாசலிலேயே சொல்லிவிடுகிறாள்: "உக்காருங்க. தாத்தா நெழலு போட்டுட்டிருக்காரு."