தண்ணீருக்கு அடியில் ஒரு மனு

நம் ஊரில் ஓர் இனம் வெகு செழிப்பாக வளர்ந்து வருகிறது. இதுவரை யாரும் பெயர் வைக்காததால் நானே வைத்துவிட்டேன்: அனுமதிதாசர்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மாதா கோயில் திருவிழாவில் வாணத்துக்கு நெருப்பு வைக்கப் போகும் நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்பார். கல்யாணப் பந்தலில், இத்தனை பேருக்குச் சாப்பாடு போட உத்தரவு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, பெண்ணின் அப்பா பதில் சொல்வதற்குள் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொள்வார். தெருக்குழாயில் ஒருநாள் தண்ணீர் கூடுதலாக வந்தால் நாமெல்லாம் குடம் தேடி ஓடுவோம். அவர் பேனா தேடி ஓடுவார்.

கெட்டவரா? சேச்சே! கெட்டவராக இருந்தால் நாம் தப்பித்திருப்போம். கெட்டவருக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிடலாம். இவருக்கு எதுவுமே வேண்டாம். நமக்கு நல்லது செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உதாரணத்துக்குத் திருவொற்றியூர் தண்டபாணியைப் பாருங்கள். தண்டையார்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் தபால் பிரிவு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பையில் எந்நேரமும் வெள்ளைத்தாள், கார்பன் தாள், குண்டூசி, ஒரு மர ஸ்கேல். அவர் கையில் சிக்கியவர் ராயபுரம் இக்னேஷியஸ்.

இக்னேஷியஸ் துறைமுகத்தில் முக்குளிப்பவராக இருந்தவர். கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலை. ஒருநாள் ஆழத்தில் காது வெடித்தது. பதினைந்து அடிக்குக் கீழே போனால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், வேலை போயிற்று. ஆனால் எண்ணூருக்கு அப்பால் நண்டுத்திட்டு என்ற குட்டித் தீவின் ஓரத்தில், சரியாகப் பதினான்கு அடியில், எந்தக் காலத்திலோ முழுகிய சரக்குப் படகு ஒன்று கிடந்தது. அதில் மீன்கள் குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தன. மஞ்சள், நீலம், கோடு போட்டது, புள்ளி வைத்தது. அந்தப் பதினான்கு அடியில்தான் இக்னேஷியஸின் மிச்ச வாழ்க்கை இருந்தது.

தண்ணீர் தெளிகிற மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கூட்டாளி எத்திராஜின் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். அடிப்பக்கத் தகட்டை வெட்டிக் கண்ணாடி பதித்துத் தார் பூசிய மண்ணெண்ணெய் டின் ஒன்று வைத்திருந்தார். அதைத் தண்ணீரில் அழுத்தி உள்ளே முகத்தை வைத்தால் கடலின் அடிவீடு தெரியும். தைரியசாலிகளை இக்னேஷியஸே கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய், ஒரு மூச்சு நேரம் சுற்றிக்காட்டி, மேலே கொண்டுவந்து சேர்ப்பார். டின்னில் பார்த்தவர்கள் ஒரு தடவைதான் வருவார்கள். கீழே போனவர்கள் அடுத்த வாரம் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

எழுபத்து மூன்றில் தீவில் ஒரு பலகை முளைத்தது. பறவைகள் பாதுகாப்புப் பகுதி, கரையிறங்கக் கூடாது. சரி என்று இக்னேஷியஸ் படகைத் தள்ளி நிறுத்தினார். ஆறு மாதத்தில் பலகை மாறியது: நான்கு மணி வரை இறங்கலாம். அப்புறம், இறங்கலாம், ஆனால் மோட்டார் படகு வரக்கூடாது. எத்திராஜ் மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பாய் கட்டினார். அப்புறம், மோட்டார் வரலாம், இறங்கத்தான் கூடாது. பறவைகள் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் பலகை மேலேயே உட்கார்ந்து, எந்த உத்தரவு அமலில் இருக்கிறது என்பதே தெரியாதபடி எழுத்துகளை வெள்ளையடித்தன.

இத்தனையையும் சமாளித்த படகில்தான் ஒரு ஞாயிறன்று தண்டபாணி ஏறினார். எல்லோரும் டின்னுக்குள் மீனைப் பார்த்தார்கள். அவர் பலகையைப் பார்த்தார்.

"இக்னேஷியஸ், முங்கறதுக்குப் பர்மிஷன் வாங்கியிருக்கியா?"

"போர்டுல முங்கக் கூடாதுன்னு போடலியே சார்."

"முங்கலாம்னு போட்டிருக்கா?"

இக்னேஷியஸ் யோசித்தார். நாமாக இருந்தாலும் யோசித்திருப்போம். மூச்சு விடலாம் என்று எந்தப் பலகையில் போட்டிருக்கிறது?

"நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா? நீ கையெழுத்து மட்டும் போடு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

இக்னேஷியஸின் மனைவி ஃப்ளோரன்ஸ் கான்வென்டில் எட்டாவது வரை படித்தவர். செய்தி கேட்டதும் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "கேக்காதவங்கிட்ட போய் எதுக்குய்யா சொல்லிக்கினு? இன்னா பேஜாரு இது?"

"நமக்கு நல்லதுக்குத்தான் சொல்றாரு ஃப்ளோரன்ஸ்."

"நல்லதுக்குன்னு எவன் வந்தாலும் கதவைச் சாத்திக்கோன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்!"

ஆனால் பலகை வைத்த அலுவலகத்துக்கு மனு போய்விட்டது. மூன்று பிரதிகள். 'மேற்படி தீவின் நீரடிப் பகுதியில் மனிதர் பிரவேசிப்பதற்கான தடையிலிருந்து மனுதாரருக்கு விலக்களிக்க வேண்டுமாய்…' அப்படி ஒரு தடையே கிடையாது என்பது தண்டபாணியின் பேனாவுக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து தண்டபாணியையும் இக்னேஷியஸையும் அந்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி மெத்தப் பொறுமைசாலி.

"தீவுன்னா எங்களுக்கு மண்ணுதான்யா. தண்ணிக்குக் கீழே ஆள் போறாங்கன்னு இத்தனை நாள் தெரியவே தெரியாது. தெரியாததை எப்படித் தடுக்க முடியும்? இப்ப எழுதிட்டீங்க, ஃபைல் திறந்தாச்சு. திறந்த ஃபைல்ல ஏதாவது எழுதித்தானே ஆகணும்?"

எழுதினார்கள். விதிகள் வகுக்கப்படும் வரை நண்டுத்திட்டைச் சுற்றியுள்ள நீரில் யாரும் மூழ்கக் கூடாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தண்டபாணி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "பார்த்தியா? இத்தனை நாள் இதுக்கு ஒரு ரூலே இல்லை. இப்ப இருக்கு!"

அடுத்த ஞாயிறு டின் மட்டும் போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு படகில் மூன்றே பேர்; அதில் ஒருவர் தண்டபாணி. டின்னின் அடிப்பாகம் தண்ணீருக்குள் போகிறதே, அதுவும் மூழ்குவதில் சேருமா? அவருக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. எத்தனை அங்குலம் போகிறது என்று அளந்து இரண்டாவது மனுவில் சேர்க்க வேண்டும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு விளிம்பில் குனிந்தார்.

"சார், அவ்ளோ குனியாதீங்க, படகு சாயுது," என்றார் எத்திராஜ்.

"ஆறரை அங்கு…" என்றார் தண்டபாணி. மீதி அங்குலங்களை உள்ளே போய் அளந்தார்.

நீச்சல் தெரியாது. ஒரு தலை மேலே வந்தது. "இக்னேஷியஸ்!"

"உள்ள எறங்கக் கூடாதுன்னு லெட்டர்ல கீதே சார்! நான் இன்னா பண்ணட்டும்?"

தலை போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஸ்கேல் மட்டும் மிதந்து வந்தது.

"மாமு," என்றார் எத்திராஜ், "இனிமே அவுரு வர்றது டவுட்டு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இக்னேஷியஸ் குதித்துவிட்டார்.

மேலே இழுத்துப் போட்டு, வயிற்றை அமுக்கி, குடித்த கடலையெல்லாம் வெளியே எடுத்த பிறகு தண்டபாணி கண்ணைத் திறந்தார். முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"எத்தனை அடி இறங்கினே?"

"பத்து இருக்கும் சார்."

"மீறல்தான்," என்றார் வருத்தத்தோடு. பிறகு தோளைத் தட்டினார். "கவலைப்படாதே. நான் எழுதறேன்."

விஷயம் கேட்ட ஃப்ளோரன்ஸ் மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆளு தானா உள்ள போச்சேய்யா! அதை எதுக்கு மேல இஸ்தே?"

மனு எழுதினார். தாமே மூழ்கியதையும், தம்மைக் காப்பாற்றியதன் மூலம் இக்னேஷியஸ் உத்தரவை மீறியதையும், ஒன்றும் மறைக்காமல். மூழ்கியவரே கையெழுத்துப் போட்ட மனு அந்த அலுவலகத்துக்கு அதுவரை வந்ததில்லை போலிருக்கிறது. பத்தே நாளில் பதில் வந்தது. மேற்படி நீர்ப்பரப்பில் தவறி விழும் நபர்களை மீட்கும் பொருட்டு மேற்படி இக்னேஷியஸ் மூழ்குவதற்குத் தடையில்லை.

ஃப்ளோரன்ஸ் அதை இரண்டு முறை படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை எத்தினி பேரு வருவாங்க?"

"முன்னெல்லாம் பன்னெண்டு வரும்."

"பன்னெண்டு பேரும் தவறி வுழட்டும்."

இப்போது நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். நண்டுத்திட்டுப் பக்கம் படகு நின்றதும் மனிதர்கள் தவறி விழத் தொடங்குகிறார்கள். கல்லூரி மாணவர்கள் கைதட்டிக்கொண்டு தவறி விழுகிறார்கள். ஒரு பாங்க் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையை மடித்து வைத்து, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தவறி விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "லைனா வுழுங்க, தள்ளாதீங்க!" என்று எத்திராஜ் கத்துகிறார். "பெரியவரே, நீ கொஞ்சம் அப்பால வுழு!" இக்னேஷியஸ் ஒவ்வொருவரையும் முறைப்படி மீட்கிறார். மீட்கிற வழியில் மீன்கள் இருந்தால் அதற்கு அவர் என்ன செய்வார்?

தண்டபாணிக்கு இது தெரியாதா? தெரியும். மூழ்கிய அன்றே, மூச்சு முட்டிய அந்தப் பத்தாவது அடியில், கோடு போட்ட மஞ்சள் மீன் ஒன்று தம் மூக்கருகே வந்து விசாரித்ததை அவர் எந்த மனுவிலும் எழுதவில்லை. போன ஞாயிறு மட்டும் அவர் இரண்டு தடவை தவறி விழுந்தார்.

ஆகவே அவரைப் பற்றி எனக்கு இனிக் கவலையில்லை. கவலையெல்லாம் உங்களைப் பற்றித்தான். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு தடவை விழுந்தால் அது தவறி விழுந்ததாகுமா என்று சற்று முன் நீங்கள் யோசித்தீர்களா, இல்லையா? மறைக்க வேண்டாம். யோசித்ததில் தப்பில்லை. ஆனால் தயவுசெய்து யாருக்கும் எழுதிக் கேட்டுவிடாதீர்கள்.

கேட்டால் பதில் வந்துவிடும்.