கறுப்புத் திரைக்கு முன்னால் தலைவர்

முதல் அவமானம் ஆடியில் நடந்தது. அவனியாபுரம் குடிநீர்ப் போராட்டக் குழுவின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தலைவர் சிவபாண்டி வீட்டில் கொண்டுவந்து வைத்தார் செயலாளர் வீரணன். கறுப்புத் திரை. கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும். சிவபாண்டி ‘தோழமை வணக்கம்’ என்று தட்டினார். ‘தெரியாத கட்டளை’ என்றது. இருபத்திரண்டு வருடத் தலைவரின் வணக்கம் அதற்குத் தெரியாதாம்!

இரண்டாவது ஆவணியில். சுருக்கமாக ‘ப’ என்று தட்டினார். ‘பட்டியலா, பதிவா?’ என்று குறுக்கு விசாரணை செய்தது.

மூன்றாவதுதான் பொறுக்க முடியாதது. அவர் மனைவி பாண்டிச்செல்வி கரண்டியோடு வந்து ‘பட்’ என்று தட்டினாள். மறுபேச்சில்லாமல் முழுப் பட்டியலும் வந்து நின்றது.

“சொல்லோட தலையக் காட்டுனாப் போதுங்க. வேற எதுவும் அப்படித் தொடங்கலைன்னா அதுவே புரிஞ்சுக்கிரும்.”

“எழுபத்தெட்டு நோட்டீஸ் எழுதுனவன்டி நான். அரைச் சொல்லு என் கையில வராது.”

“அம்புட்டு நோட்டீஸ் போட்டும் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காத்தான வருது?”

சிவபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் தலைவர் தேர்தல். மாலை ஐந்துக்குள் வேட்பாளர் பெயரை அந்தத் திரையில் பதிய வேண்டும். அவரை எதிர்த்து நிற்க இதுவரை ஒருத்தன் பிறக்கவில்லை. நாலரைக்கு உட்கார்ந்து, கண்ணாடிகூடப் போடாமல், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: ‘வீறுகொண்டு என்னைத் தலைவராக முன்மொழிக!’

திரை முதல் சொல்லிலேயே தடுக்கியது. தனக்குத் தெரிந்ததில் அதற்குக் கிட்டத்தில் இருந்ததை எடுத்து நீட்டியது: ‘வீறுகொண்டு: தெரியாத கட்டளை. விலகு என்கிறீர்களா? ஆம் / இல்லை.’

“என்னடி மினுக்குது?”

“ஏதோ கேள்வி கேக்குதுங்க. கண்ணாடியப் போட்டு வாசிங்க. யோசிச்சுப் பதில் போடுங்க.”

“யோசிக்கவா! ஸ்டேஷன்ல ராத்திரி பூரா வச்சு ‘நீதான் சொன்னியா?’ன்னு கேட்டானுக. ஆமான்னு ஒத்தச் சொல்லுதான். சொன்னதுல இருந்து பின்வாங்குன பரம்பரையா நம்ம?”

“இல்லைங்க. அது ஊருக்கே தெரியும்.”

‘ஆம்’ என்று முழுசாகத் தட்டி, நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார்.

“அஞ்சு மணிக்கு எல்லாரையும் வாசலுக்கு வரச் சொல்லு. சாட்சிகளுக்கு முன்னாடி தலைவர் பேரை வீரணன் வாசிக்கணும். முழுப் பேரா வாசிக்கணும். சுருக்கப்படாது.”

“அப்பவே சொல்லிட்டேங்க. நீங்க போய்ச் சட்டையப் போடுங்க.”

அவர் ஐந்து பொத்தான் போடுவதற்குள் அவள் ‘மு’ என்று ஓரெழுத்தைத் தட்டினாள். ‘முன்மொழி: யாரை?’ என்று பணிவாகக் கேட்டது திரை.

ஐந்து மணி. வாசலில் நாற்பது பேர், பாதிப் பேர் காலிக் குடத்தோடு. மாலைக்கு வசதியாகக் கழுத்தை முன்னால் நீட்டியபடி நின்றார் சிவபாண்டி. வீரணன் தொண்டையைச் செருமினார்.

“விலகியவர் ஒருவர். போட்டியின்றித் தேர்வாகும் தலைவர்...” என்று நிறுத்தி, கேட்டுக்கொண்டபடியே முழுப் பெயராக வாசித்தார்: “பாண்டிச்செல்வி.”